இரண்டு பீடி தூரம்

வீட்டை விற்றுத் தர வேண்டும் என்று புரோக்கரிடம் சொன்ன அன்றைக்கே அவர் வந்து செல்போனில் படம் எடுத்துக்கொண்டு போனார். முன்பக்கம், வராந்தா, ஓட்டுக் கூரைக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் சிம்னி, மாமரங்கள் என்று எல்லாவற்றையும் எடுத்தார். பின்பக்கத் தோட்டத்தைப் பிடித்த படத்தில் ஓர் ஓரமாக அந்தக் கல்லும் விழுந்திருந்தது. முழங்கால் உயரம்கூட இல்லாத ஒரு கருங்கல். படத்தில் அது வெள்ளையாகத் தெரிந்தது. மறுநாள் காலை நான் பெங்களூர் ரயில் கூட்டத்தில் இடிபட்டுக்கொண்டு நின்றிருந்தபோது போன் செய்தார். “மேடம், அந்த வெள்ளக் கல்ல மட்டும் எடுத்துடுங்க. பார்ட்டிங்க பாத்தா சமாதின்னு நெனச்சிப்பாங்க. சமாதி கீற எடத்த பெங்களூர்காரன் வாங்கவே மாட்டான்.” பார்க்கலாம் என்றேன். ஆறு மாதமாகப் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன். கல் இருந்த இடத்தில் இருக்கிறது.

விளம்பரத்தில் அவர் போட்டிருப்பதைப் படித்தால் எனக்கே வாங்கலாம் போல இருக்கிறது. பழைய காலத்துப் பங்களா, சுற்றிலும் இரண்டு ஏக்கருக்குச் சற்றே குறைவான நிலம், காய்க்கும் மரங்கள், அமைதியான சூழல், ஃபார்ம் ஹவுசுக்கு மிகவும் ஏற்றது. அமைதிக்கு என்ன குறைச்சல்? போர்வெல் வற்றிவிட்டது, சிம்னிக்குள் புறா குடியிருக்கிறது, ஹாலின் ஒரு சுவரில் கை நுழையும் அளவுக்கு விரிசல். பங்காருபேட்டை சாலையிலிருந்து பிரிந்து வரும் மண் பாதையில் மழை பெய்தால் ஆட்டோக்காரன் பாதியிலேயே இறக்கிவிட்டு விடுவான். மேற்குப் பக்க ஜன்னல்களைத் திறந்தால் சயனைடு மேடு தெரியும் என்பதையும் அவர் போடவில்லை. எங்கள் ஊர்க்காரர்களுக்கு மேட்டைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தங்கச் சுரங்கத்திலிருந்து வந்த கல்லை மாவாக அரைத்து, சயனைடில் ஊறவைத்துத் தங்கத்தை எடுத்துக்கொண்டு, மிச்சத்தைக் கொட்டிக் கொட்டி அது ஒரு மலையாகவே ஆகிவிட்டது. காற்றடித்தால் அதிலிருந்து வெள்ளைத் தூசி கிளம்பும். ஆடி மாதத்தில் சோற்றுத் தட்டு வரைக்கும் வரும்.

இந்த வீடு என் அத்தையுடையது. அப்பாவின் அக்கா. ஊரில் அவளைப் பங்களாக்காரி என்பார்கள். மரியாதையாகச் சொன்னது என்று நினைத்துவிடாதீர்கள். சுரங்கத்து ஆட்களுக்குக் கம்பெனி வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில், ஒரே அறையில் எட்டுப் பேரோடு பிறந்து வளர்ந்தவள் பங்களா வாங்கினால் ஊர் சும்மா இருக்குமா? “துரைசானி போறா பாரு” என்று காது கேட்கவே சொல்வார்கள். அத்தை திரும்பி நின்று, “ஆமா, வா, வந்து கூஜா தூக்கு” என்பாள். வாய் அப்படி. கல்யாண வீட்டில் சாம்பார் நீர்த்துப் போனால் சமையல்காரனைக் கூப்பிட்டு, குளிக்கவா ஊற்றினாய் என்று கேட்பவள். எனக்குக் கொஞ்சம் வாய் நீளம் என்று வீட்டில் சொல்கிறார்கள். அது அவளிடமிருந்து வந்தது. அவ்வளவு பெரிய வீட்டில் அவள் ஒண்டிக்கட்டையாக எதற்காகக் கிடந்தாள் என்பதை மட்டும் ஊராரிடம் சொன்னதில்லை. வீட்டில் எங்களுக்குத் தெரியும்.

மாமா அண்டர்கிரவுண்டில் வேலை செய்தவர். எந்தச் சுரங்கம் என்று நான் சொல்லப்போவதில்லை, அந்த நாளை நினைத்து வருத்தப்பட இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள். கீழே பாறை அழுத்தம் தாங்காமல் வெடித்துச் சிதறுவதை ஏர் பிளாஸ்ட் என்பார்கள். அன்றைக்கு மதியம் தட்டில் இருந்த டம்ளர் தானாக நகர்ந்தது எனக்கு நினைவிருக்கிறது. கொஞ்ச நேரத்தில், ஷிப்ட் மாறாத வேளையில், சங்கு ஊதியது. நேரம் தப்பி சங்கு ஊதினால் என்ன செய்ய வேண்டும் என்று எங்கள் பெண்களுக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. அடுப்பை அணைத்துவிட்டு, கதவைக்கூடச் சாத்தாமல் சுரங்கத்தின் வாயான ஷாப்டின் கேட்டுக்குப் போய் நிற்பார்கள். யாரும் கத்த மாட்டார்கள். ஆட்களை ஏற்றி இறக்கும் கூண்டான கேஜ் மேலே வரும், கம்பிக் கதவு திறக்கும், முகமெல்லாம் சேறான ஆட்கள் இறங்குவார்கள். தன் ஆள் வந்துவிட்டால் அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு ஓரமாக நகர்ந்துவிடுவாள். மற்றவர்களுக்கு முன்னால் சந்தோஷப்படுவது தப்பு என்பது எழுதாத சட்டம். கடைசிவரை நகராமல் நின்றவர்களில் அத்தையும் ஒருத்தி. மற்றவர்களின் உடல்களை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்தார்கள். மாமா இருந்த இடத்துக்குப் போக வழியில்லை, போனால் மேலும் ஆட்கள் சாவார்கள் என்று அந்தப் பக்கத்தையே அடைத்துவிட்டார்கள். மாதா கோயிலில் பூசை வைத்தார்கள். பெட்டி இல்லை, குழி இல்லை. அத்தை அழவில்லை. துக்கம் விசாரித்தவர்களிடமெல்லாம், “அவுரு எங்க கீறாரு?” என்று திருப்பிக் கேட்டாள்.

அது பைத்தியக்காரக் கேள்வி இல்லை. அவளுக்கு இடம் தெரிய வேண்டும். எங்கள் வழக்கத்தில் நவம்பர் மாதத்துக் கல்லறைத் திருநாள் பெரிய நாள். கல்லறைக்கு வெள்ளையடித்து, பூப்போட்டு, மெழுகுவத்தி ஏற்றி, சாமியார் வந்து தீர்த்தம் தெளிக்கும்வரை குடும்பமாகக் காத்திருப்போம். அந்த நாளில் போய் நிற்க ஓர் இடம் இல்லாத வீடு எங்கள் லைனில் இல்லை. அத்தைக்கு இல்லாமல் போய்விட்டது. மாமாவோடு அதே லெவலில், அதாவது கீழே அதே ஆழத்துத் தளத்தில், வேலை செய்த ஒரு மேஸ்திரி இருந்தார். அன்றைக்கு அவருக்கு வேறு ஷிப்ட். அத்தை அவரைப் பிடித்தாள். மாமா வீட்டில் பேசும்போது சொல்வாராம்: கேஜை விட்டு இறங்கி, ஒரு பீடியைப் பற்றவைத்துக்கொண்டு வடக்கே பார்த்து நடந்தால், இரண்டாவது பீடி முடிகிற இடத்தில் என் வேலை என்று. அண்டர்கிரவுண்டு ஆட்கள் தூரத்தை அப்படித்தான் சொல்வார்கள். அத்தை ஒரு கட்டுப் பீடி வாங்கிக்கொண்டு போய், ஷாப்டின் இரும்புக் கோபுரத்துக்குக் கீழே மேஸ்திரியை நிறுத்தி, “இங்கதானே அண்ணே கேஜ் எறங்குது?” என்று கேட்டாள். ஆமாம் என்றார். “அப்ப பத்தவெச்சிக்கோ. அவுரு நடக்கறாப்பலயே நட. வேகமா நடக்காத, அவுருக்கு முட்டி வலி.”

மேஸ்திரி முன்னால் புகைத்துக்கொண்டே நடக்க, அத்தை பின்னால் நடந்தாள். லைன் வீடுகள் முடிந்து, சாக்கடை தாண்டி, கம்பெனி நிலம் முடிகிற இடத்தில் ஒரு பங்களாவின் காம்பவுண்டுச் சுவர் வந்தது. சுவர் ஓரிடத்தில் இடிந்திருந்தது. அதன் வழியாக உள்ளே போய், மாமரத்தைக் கடந்து பத்துப் பன்னிரண்டு எட்டு வைத்ததும் இரண்டாவது பீடி விரலைச் சுட்டது. மேஸ்திரி அதைக் கீழே போட்டார். அத்தை அந்தத் துண்டை எடுத்து, மண்ணைக் கையால் பறித்து உள்ளே வைத்து, பக்கத்தில் கிடந்த கல்லை உருட்டிக்கொண்டு வந்து மேலே வைத்தாள். பிறகு அதன்மேல் கவிழ்ந்துகொண்டு அழுதாள். சங்கு ஊதிய நாளிலிருந்து அன்றைக்குத்தான் முதல்முறையாக அழுதாளாம். இந்தக் கதையை அவள் எனக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பாள் என்று கணக்கில்லை. அழுத இடம் வந்ததும், “மூக்கு ஒழுவ ஒழுவ அழுதேன்மே, மேஸ்திரி பயந்துட்டாரு” என்று சிரிப்பாள்.

பங்களா அப்போது ஒரு வயதான ஆங்கிலோ இந்திய அம்மாளுக்குச் சொந்தம். சுரங்கத்துக்கு மரம் சப்ளை செய்த குடும்பம், கட்டியது அவர்கள்தான். மறுவாரமே அத்தை போய்க் கதவைத் தட்டி, சமையலுக்கு ஆள் வேண்டுமா என்று கேட்டாள். சமையல் ஒன்றும் அவளுக்குப் பெரிதாக வராது. முதல் வாரம் அந்தத் துரைசானி அவள் வைத்த சூப்பை நாய்க்கு ஊற்றினாளாம். நாய் மோந்து பார்த்துவிட்டுப் போய்விட்டதாம். ஆனால் விடியற்காலையில் வந்து, பின்தோட்டத்தைப் பெருக்கி, கல்லருகில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, வேலையைத் தொடங்கும் பெண்ணை அந்த அம்மாள் விரட்டவில்லை. காரணம் தெரிந்த பிறகு, இடிந்த காம்பவுண்டைக் கட்டும்போதுகூட அந்தப் பக்கம் ஒரு சின்னக் கதவு வைத்தாள். பிள்ளைகள் அந்த அம்மாளை ஆஸ்திரேலியாவுக்கு அழைத்துக்கொண்டபோது, அத்தை தொடாமல் வைத்திருந்த நஷ்டஈட்டுத் தொகையை வாங்கிக்கொண்டு வீட்டை அவள் பேருக்கே எழுதிக்கொடுத்தாள். சரிதான், புருஷன் செத்த காசில் பங்களா வாங்கிவிட்டாள் என்று ஊர் சொன்னது.

வாங்கினாளே தவிர, அந்த வீட்டில் அவள் வாழ்ந்தாள் என்று சொல்ல மாட்டேன். காவல் கிடந்தாள். ஹாலில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. பெரிய படுக்கையறை பூட்டியே கிடந்தது. சமையலறைக்குப் பக்கத்தில், முன்பு வேலைக்காரர்கள் படுத்த அறையில் பாய் விரித்துக்கொள்வாள், ஏனென்றால் அதன் ஜன்னலிலிருந்து பார்த்தால் கல் தெரியும். கல்லறைத் திருநாளுக்கு எங்களையெல்லாம் வரவழைத்துவிடுவாள். சுண்ணாம்பை அவளே கரைத்து, அவளே அடிப்பாள். வேறு யாரும் பிரஷ்ஷைத் தொடக் கூடாது. மெழுகுவத்தி, சாமந்திப் பூ, ஒரு கட்டுப் பீடி. தோட்டத்துக்கு வந்து மந்திரிக்கச் சொல்லிச் சாமியாரைக் கேட்டபோது, உடல் இல்லாத இடத்தை எப்படி மந்திரிப்பது என்று ஒருவர் மறுத்துவிட்டார். “ஒடம்பு இல்லன்னு யாரு சொன்னது? கீழ கீது. உங்க தீர்த்தம் அவ்ளோ ஆழம் எறங்காதுன்னா அத சொல்லுங்க” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். அடுத்து வந்த இளைய சாமியார் மறுபேச்சு இல்லாமல் வந்து தெளித்துவிட்டுப் போனார்.

சுரங்கம் ஓடிய காலத்தில் அடிக்கடி பூமி அதிரும். அலமாரியில் பாத்திரம் ஆடினால் அத்தை, “பொரண்டு படுக்கறாரு, மெத்த சரியில்ல” என்பாள். சுரங்கத்தை மூடியபோது ஊரே பிழைப்புப் போச்சு என்று அழுதது. கீழே இறங்காமல் மேலே சுரங்கத்து ஒர்க்ஷாப்பில் இருந்த என் அப்பா, வேலை போனதும் நாள் முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அத்தையின் கவலை வேறு. பம்பை நிறுத்திவிட்டார்கள், கீழே லெவல் லெவலாகத் தண்ணீர் ஏறுகிறது என்று யாரோ சொல்லக் கேட்டுவிட்டு எங்கள் வீட்டுக்கு நடந்தே வந்தாள். வாசலில் நின்றபடியே அப்பாவிடம், “தண்ணி ஏறுதாமேடா. அவருக்கு நீச்சல் தெரியாதே” என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது, அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு அடக்கிக்கொண்டேன்.

அவளுக்கு இந்த உலகத்தில் விரோதி என்று ஒன்று இருந்தது என்றால் அது அந்த மேடுதான். பாழாய்ப்போன மேடு, நாசமாய்ப்போன மேடு என்று அதற்கு அவள் வைக்காத பெயர் இல்லை. வெள்ளையடித்த கல்லின்மேல் அதன் தூசி வந்து படிந்தால் அவளுக்குத் தாங்காது. காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை ஈரத்துணியால் துடைப்பாள். வீட்டைப் பெருக்கி, கூடத்தில் குவிந்த தூசியை முறத்தில் அள்ளி, “போ, வந்த எடத்துக்கே போ” என்று வெளியே வீசுவாள். கடைசியில் மேற்குப் பக்க ஜன்னல்கள் எல்லாவற்றுக்கும் பலகை வைத்து ஆணி அடித்துவிட்டாள். ஹால் பகலிலேயே இருட்டாகிவிட்டது. இருட்டானால் என்ன, நான் அங்கே உட்காரவா போகிறேன் என்றாள்.

அவளுக்கு வயதானது. ஓடு உடைந்து ஒழுகியது. ஒருநாள் குளியலறையில் வழுக்கி விழுந்து, மறுநாள் பால்காரர் வந்து பார்க்கும்வரை ஈரத்தில் கிடந்தாள். அப்பா அதற்குப் பிறகு தூங்கவில்லை என்றே சொல்ல வேண்டும். எங்களோடு வந்துவிடு அக்கா, வந்துவிடு என்று கேட்காத நாள் இல்லை. “அவர வுட்டுட்டு வரமாட்டேன், போடா” என்பதுதான் பதில். அந்தச் சமயத்தில் பெங்களூரிலிருந்து ஒருவர் வந்து, வீட்டையும் நிலத்தையும் கேட்டார், நல்ல விலையும் சொன்னார். அப்பா கெஞ்சிப் பார்த்தார், சண்டை போட்டுப் பார்த்தார். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, மேஸ்திரியை ஆட்டோவில் ஏற்றி அழைத்துக்கொண்டு வந்தார். நானும் கூட இருந்தேன், டீ போட்டுக் கொடுத்தேன்.

மேஸ்திரிக்கு நெஞ்செல்லாம் சுரங்கத்து இருமல். இரண்டு வார்த்தை பேசினால் நான்கு முறை மூச்சு வாங்கும். வராந்தாவில் உட்கார்ந்து, தம்பியோடு போய் இரும்மா, வயசாகிவிட்டது என்று ஏதோ முனகினார். அத்தைக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

“அண்ணே, நீயே வந்து இத சொல்றியா? நீதானே பீடி பத்தவெச்சி எடத்தக் காட்டுன? அவர இங்க வுட்டுட்டு நான் எங்க போவேன், சொல்லு.”

மேஸ்திரி டீ டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்பாதான் பேசினார். “சொல்லுங்க மேஸ்திரி. அன்னிக்கி எங்கிட்ட சொன்னத அக்காகிட்டயும் சொல்லிடுங்க.”

“வேணாம்பா.”

“சொல்லுங்க.”

“இன்னாடா?” என்றாள் அத்தை. “இன்னா சொல்லணும்?”

மேஸ்திரி டம்ளரைக் கீழே வைத்தார். வலது கையைத் தூக்கி, விரல்களைத் தரைக்கு நேராக நீட்டி மெல்ல இறக்கினார். “மொதல் கேஜ் இப்படி எறங்கும்மா. நேரா.” கையை மறுபடி தூக்கி, இந்த முறை சாய்த்துப் பிடித்து இறக்கினார். “ரெண்டாவது கேஜ் இப்படி. தங்கம் கீற கல்லு நேரா எறங்காது தங்கச்சி, மேக்கால சாஞ்சி போவும். நாங்களும் அதோடயே சாஞ்சிகினு போவோம். கீழ போவப் போவ மேக்க தள்ளிகினே போவும். பீடி பத்தவெக்கறது அதுக்கப்புறம்.”

சுரங்கத்தில் இறங்கிய எவருக்கும் இது தெரியும். சுரங்கத்தில் இறங்காத எங்கள் பெண்களில் ஒருத்திக்கும் தெரியாது. இறங்குவது என்றால் எங்களுக்குக் கிணற்றில் வாளி இறங்குகிற மாதிரிதான். காலையில் கேஜ் கேட் வரை போய்ச் சாப்பாட்டுத் தூக்கைக் கொடுத்துவிட்டு வருகிறவர்களுக்கு, அதற்குக் கீழே இன்னொரு கேஜ் இருக்கிறது, அது சரிவில் போகிறது என்று எந்தப் புருஷன் உட்கார்ந்து சொன்னான்?

“அப்ப?” என்றாள் அத்தை.

“இங்க இல்லம்மா.”

“எங்க?”

அவர் வாயால் சொல்லவில்லை. வீட்டுக்குள்ளே, பலகை அடித்த ஜன்னல்கள் இருந்த பக்கம் பார்த்தார். “மேட்டுக்கு அடியில” என்று அப்பாதான் சொன்னார்.

அத்தை திரும்பி அந்த ஜன்னல்கள் பக்கம் பார்த்தாள். பிறகு மேஸ்திரியிடம், அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

“நீ அன்னிக்கி அந்த எடத்துல வுழுந்து அழுத. அதுவரைக்கும் நீ அழவே இல்ல. செத்துடுவியோன்னு எல்லாரும் பயந்துகினு இருந்தோம். அழுவறாளேன்னு வுட்டுட்டேன். அப்புறம் வேல கேட்டு உள்ள வந்துட்ட. அப்புறம் வீட்டயே வாங்கிட்ட. எப்பதான் சொல்றது?” சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்து அவரைப் பாதியாக மடித்துவிட்டது.

“டீ ஆறுது, குடிண்ணே” என்றாள் அத்தை. பிறகு அப்பாவைப் பார்த்து, தக்காளி வாங்கி வா என்று சொல்லும் குரலில், “அந்தப் பார்ட்டிய வர சொல்லு. வித்துடு” என்றாள். அப்பாவின் முகம் ஒரு நொடி மலர்ந்தது. அந்த ஒரு நொடிக்காக நான் அவரை வெறுத்தேன், இன்றைக்கும் கொஞ்சம் வெறுக்கிறேன். அவர் பொய் சொல்லவில்லை. அக்கா ஈரத்தில் கிடந்து அநாதையாகச் செத்துவிடக் கூடாதே என்ற பயத்தில்தான் செய்தார். எல்லாம் தெரியும். தெரிந்து என்ன செய்ய?

அந்தப் பார்ட்டி வாங்கவில்லை. யாரோ டீக்கடையில், அந்தப் பக்கம் பூமிக்குக் கீழே எல்லாம் குடைந்து வைத்திருக்கிறார்கள், என்றைக்கு உள்வாங்குமோ என்று சொல்லிவிட்டார்கள். ஆள் போனை எடுப்பதையே நிறுத்திவிட்டார். மாமாவின் இடம் இது இல்லை என்று ஆகிவிட்டது, இனி இங்கே என்ன, எங்களோடு வா என்று அப்பா கூப்பிட்டார். அத்தை வரவில்லை. அடுத்த ஞாயிறு நான் போனபோது குறடு ஒன்றைக் கையில் கொடுத்து, “அந்த ஜன்னலுங்கள தொற” என்றாள். பலகைகளைப் பிடுங்குவதற்குள் என் கை கொப்பளித்துவிட்டது. கடைசி ஜன்னலைத் திறந்ததும் எதிரே மேடு முழுசாகத் தெரிந்தது, வெயிலில் கண் கூசியது. இத்தனை வருஷம் உட்காராத ஹாலில் ஒரு நாற்காலியை இழுத்து அந்த ஜன்னலுக்கு முன்னால் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

அதன் பிறகு அவளுடைய இடம் அதுதான். கல் பக்கம் போகவே இல்லை. நவம்பரில் நான் சுண்ணாம்பு வாங்கிக்கொண்டு போய்க் கரைக்கட்டுமா என்றேன். “கல்லுக்கு இன்னாத்துக்குமே சுண்ணாம்பு?” என்றாள். மெழுகுவத்தியை ஜன்னல் விளிம்பில் ஏற்றினாள். காற்று அணைத்தது, மறுபடி ஏற்றினாள். பீடிக் கட்டைப் பிரித்து, ஒவ்வொன்றாக ஜன்னலுக்கு வெளியே போட்டாள். மேஸ்திரி அதற்குள் போய்ச் சேர்ந்திருந்தார். அவர் சாவுக்கு அத்தை போய், தலைமாட்டில் வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தாள். ஒரு வார்த்தை குறையாகச் சொல்லவில்லை.

ஆடி வந்தது. காற்று வந்தது. மேடு கிளம்பி வீட்டுக்குள் வந்தது. நான் போகும்போதெல்லாம் அவள் தலையில், புருவத்தில், மடியில், கைமேல் வெள்ளையாகப் படிந்திருக்கும். துணியை நனைத்துக்கொண்டு போனால், “வுடு” என்பாள். ஒருநாள் மனசு கேட்காமல் கையைப் பிடித்துத் துடைக்கப் போனேன். கையை உதறிக்கொண்டாள். “இத்தினி வருசம் பெருக்கித் தள்ளினேனே பாப்பா” என்றாள். “தெனம் ரெண்டு வேள. மொறத்துல வாரி வாரி வெளிய கொட்டினேன். போ, போன்னு வேற சொன்னேன்.” அவள் அழுது நான் பார்த்தது அப்போதுதான். தூசி படிந்த கன்னத்தில் கண்ணீர் இறங்கிய இரண்டு கோடுகள் மட்டும் கறுப்பாகத் தெரிந்தன. நான் துணியைப் பக்கெட்டில் போட்டுவிட்டு அவள் காலடியில் உட்கார்ந்துகொண்டேன். நானும் அழுதேன், சொல்வதற்கு என்ன வெட்கம்.

இருமல் பிடித்துக்கொண்டது. ஜன்னலை மூடிவையுங்கள், இந்தத் தூசி நெஞ்சுக்கு ஆகாது என்று டாக்டர் சொன்னார். நாங்கள் மூடுவோம். நாங்கள் கேட்டைத் தாண்டுவதற்குள் அவள் எழுந்து திறந்துவிடுவாள். பலவந்தமாக அழைத்துக்கொண்டு போவோம் என்று அப்பா ஆட்டோ கொண்டுவந்த மதியத்தில், அந்த நாற்காலியிலேயே இறந்து கிடந்தாள். குளிப்பாட்டும்போது தலைமுடியிலிருந்து வெள்ளைத் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. கல்லறைத் தோட்டத்தில் எங்கள் குடும்பத்து இடம் கிழக்கே இருக்கிறது. மேற்குச் சுவரோரம்தான் வேண்டும் என்று கல்லறை இடங்களைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளையோடு நான் மல்லுக்கட்டி வாங்கினேன். அங்கே நின்று எட்டிப் பார்த்தால் மேட்டின் உச்சி தெரியும். அதற்குமேல் என்னால் ஆகவில்லை.

அப்பா அந்த வீட்டுப் படியை இப்போது மிதிப்பதில்லை. விற்று ஒழி என்று சாவியை என்னிடம் கொடுத்துவிட்டார். அதனால் ஞாயிறுதோறும் நான்தான் போய்த் திறந்து வருகிறவர்களுக்குக் காட்டுகிறேன். போன வாரம் ஒரு கணவன் மனைவி பெங்களூரிலிருந்து காரில் வந்தார்கள். நல்ல மாதிரியான ஜோடி. சிம்னியைப் பார்த்ததும் அந்தப் பெண் சின்னக் குழந்தை போலக் கைதட்டினாள். விரிசலைக்கூடச் சரிசெய்துகொள்ளலாம் என்றார் அவர். பின்தோட்டத்துக்குப் போனோம். புரோக்கர் என்னை முறைத்தார், கல்லை எடுக்கவில்லையே என்று. அவர் பயந்த மாதிரியே அந்தப் பெண் அதன் முன்னால் நின்றுவிட்டாள்.

“இது என்ன? தப்பா நெனைக்காதீங்க... இங்க யாரையாவது வெச்சிருக்கீங்களா?”

புரோக்கர் என்னையே பார்த்தார். “இல்லம்மா” என்றேன். “அங்க யாரும் இல்ல.”

சொன்னது சத்தியம். ஆனால் வாய் கசந்தது. அந்தப் பெண்ணுக்கு நிம்மதி, சிரித்துக்கொண்டே, “அப்ப பெஞ்ச் மாதிரி இருக்கட்டும், எடுக்காதீங்க” என்று அதன்மேல் உட்கார்ந்தாள். கணவர் போனில் படம் எடுத்தார். என் கால் தானாக ஒரு எட்டு முன்னே போனது. நிறுத்திக்கொண்டேன். யாரும் இல்லை என்று நானே சொன்ன பிறகு, எழுந்திரு என்று எந்த வாயால் சொல்வேன்?

எழுந்தபோது அவளுடைய கறுப்புப் பேண்ட் முழுக்க வெள்ளை. “ஐயோ, பெயிண்ட் காயலையா?” என்று பதறினாள்.

“பெயிண்ட் இல்லம்மா. தூசி.” சுண்ணாம்பு அடித்து இரண்டு வருஷம் ஆகிறது.

கைக்குட்டையால் தட்டினாள், கணவரும் தட்டிவிட்டார், துளிகூட இல்லாமல் போகும்வரை தட்டினார்கள். இது எங்கிருந்து வருகிறது என்று கேட்டாள். மேட்டைக் காட்டினேன். வீட்டுக்குள்ளேயும் வருமா என்றாள்.

“ஜன்னல மூடிட்டா வராதும்மா. வேணும்னா மறுபடி பலக அடிச்சிக்கலாம், பழைய ஆணி ஓட்டைங்க அப்படியே கீது.”

அவர்களுக்கு வீடு பிடித்துவிட்டது. அடுத்த மாதம் ரிஜிஸ்டர் வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். புரோக்கர் என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, அவர்கள் காரிலேயே ஏறிப் போனார். நான் உள்ளே போய் ஒவ்வொரு ஜன்னலாக மூடித் தாழ்ப்பாள் போட்டேன். அத்தையின் நாற்காலிக்கு எதிரே இருந்ததை மட்டும் திறந்தே விட்டுவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு வந்தேன். ரிஜிஸ்டர் ஆகிறவரைக்கும் அது எங்கள் வீடு. அதுவரை வருவதை நான் தடுக்க மாட்டேன்.